மதினி வீட்டு மோர் மிளகாய்

பூவனநாதன் ஸ்டியரிங்கைத் தொட்டு நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது.

நாகலாபுரம் தாண்டி, இருபுறமும் கரிசல்காடு விரிந்து கிடக்கும் நேர்ரோட்டில் ஐம்பத்திரண்டு பயணிகளோடு போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் கண்முன்னால் எல்லாம் மங்கியது. எப்படியோ பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து டெப்போவில் டோக்கன் எழுதும் நாற்காலிதான் அவருக்கு. பிரஷர் குறைந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வண்டி.

அன்றைக்கே அவர் மனைவி வேலுத்தாய் உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், தலை தட்டி. அதற்கு மேல் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மகன் பாண்டியராஜன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். வீட்டில் இரண்டே பேர். காலையில் எழுந்ததும் வேலுத்தாய் இரண்டு ஸ்பூன் உப்பை ஒரு சின்ன டப்பாவில் அளந்து வைப்பாள். இட்லி, சட்னி, குழம்பு, பொரியல், ராத்திரிக் கம்மங்கஞ்சி எல்லாவற்றுக்கும் அந்த டப்பாதான். அப்பளம் நின்றது. ஊறுகாய் நின்றது. சாயங்காலம் காப்பியோடு கொறிக்கிற காரச்சேவும் நின்றது.

முதல் வாரம் பூவனநாதன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மாட்டுக்கு வைக்கிற தவிட்டுல இதவிட ருசி இருக்கும்" என்றார். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் முணுமுணுத்தார். அதற்குப் பிறகு வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பழகிவிட்டது என்று வேலுத்தாய் நினைத்தாள்.

இன்று சனிக்கிழமை. சோதனை நாள்.

* * *

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பூவனநாதனை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நூத்தி எழுபத்தெட்டு. கீழ நூத்தி நாலு."

வேலுத்தாய் பையிலிருந்து, மகன் நேற்றுத்தான் வாங்கி அனுப்பியிருந்த பிரஷர் மெஷினை எடுத்து நீட்டினாள். "டாக்டரம்மா, இதுலயும் ஒருக்கா பாருங்க. ஒங்க மெஷின்ல ஏதாவது..."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அதையும் கட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்தாறு.

"உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. எங்களுதும் நல்லாத்தான் இருக்கு. மாத்திரை விடாம போடுறாரா?"

"நாந்தான் கையில எடுத்துக் குடுக்கேன். என் கண்ணு முன்னாலதான் முழுங்குதாவ."

"உப்பு?"

"அளந்துதான் போடுதேன். ஒரு கல்லு கூடுனதில்ல."

டாக்டரம்மா பூவனநாதன் பக்கம் திரும்பினார். "வெளிய எங்கயாவது சாப்பிடுறீங்களாய்யா?"

"டெப்போல டீ மட்டுந்தாம்மா" என்றார் பூவனநாதன். அதைச் சொல்லும்போது அவர் பார்வை ஜன்னலில் இருந்தது.

"அப்போ மருந்தைத்தான் கூட்டணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா வண்டி ஓட்டத் தகுதியில்லன்னு நான் எழுதித்தான் ஆகணும். உங்க பின்னால அம்பது பேரு உட்காந்திருக்காங்க பாருங்க."

மருந்துச் சீட்டில் புதிதாக ஒரு மாத்திரை ஏறியது.

வெளியே வந்ததும் பூவனநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு, "நீ போய்ச் சோத்த வடி. நான் அக்காகிட்ட விசயத்தச் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

"நானும் வரட்டா?"

"எதுக்கு வெயில்ல? போ."

அவர் போய்விட்டார். வேலுத்தாய் வீட்டுப் பக்கம் நடந்தாள். பங்குனி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு நாளில் எந்த வேளையில் கை தவறியது என்று அவள் ஒவ்வொரு நாளாக யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மத்தியானம் சாப்பிட வரும்போது அவர் முதலில் தண்ணீர்தான் கேட்பார். ஒரு செம்பு இல்லை, இரண்டு செம்பு. கடகடவென்று குடிப்பார். அதன் பிறகு சோற்றைப் பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார்.

வெயில் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். ஆனால் டெப்போவில் நாற்காலியில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு என்ன தாகம்?

டெப்போவில் பதினோரு மணிக்கு டீ இடைவேளை. டெப்போவுக்குப் பின் தெருவில்தான் அக்கா வீடு.

வேலுத்தாய் நின்றாள். வந்த வழியே திரும்பினாள்.

* * *

அக்கா முப்பிடாதி பூவனநாதனுக்குப் பத்து வயது மூத்தவள். தாயை இழந்த ஐந்து வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. நாகலாபுரம் பக்கத்திலிருந்து மிளகாய் வாங்கி, மோரில் ஊறப்போட்டு, மொட்டை மாடியில் காயவைத்து விற்பதுதான் பிழைப்பு. மாங்காய் ஊறுகாயும் சுண்டவற்றலும்கூட உண்டு. கோவில்பட்டிக் கடைகளில் "முப்பிடாதியக்கா மோர் மிளகாய்" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

வேலுத்தாய் இந்தக் குடும்பத்துக்கு வந்து இருபத்தேழு வருஷம். இத்தனை வருஷத்தில், அவள் மதினி என்று கூப்பிடும் இந்த நாத்தனார் அவளிடம் சண்டை போட்டதும் இல்லை. அவளைச் சேர்த்துக்கொண்டதும் இல்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. எண்ணெயில் மிளகாய் பொரிந்த நெடி தெருவிலேயே மூக்கில் ஏறியது.

பூவனநாதன் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். வட்டிலில் பழைய சோறு. ஓரத்தில் கருகக் கருக வறுத்த மோர் மிளகாய் ஐந்தாறு, நெத்திலிக் கருவாடு, எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய். பக்கத்தில் முப்பிடாதி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

வேலுத்தாய் சத்தம் போடவில்லை.

"எத்தன நாளா?" என்றாள்.

பூவனநாதன் கை வட்டிலில் அப்படியே நின்றது. வாயில் இருந்ததை முழுங்கவும் முடியவில்லை.

முப்பிடாதிதான் பேசினாள். "என் தம்பி எங்க வீட்டுல சாப்பிடுதான். அதுக்கு ஒங்கிட்ட சீட்டு வாங்கிட்டு வரணுமாக்கும்?"

"நான் அவியகிட்ட கேக்கேன் மதினி."

"இருவது நாளா" என்றார் பூவனநாதன், தலையைத் தூக்காமல்.

அவர் முணுமுணுப்பை விட்டது எப்போது என்று வேலுத்தாய்க்கு இப்போது புரிந்தது.

"ஆளப் பாரு" என்றாள் முப்பிடாதி. "கன்னம் ஒட்டிப்போயி எலும்பும் தோலுமா வந்து நிக்கான். கேட்டா, வீட்டுல உப்பே கெடையாதுக்காங்கான். உப்பில்லாம ஒடம்பு நிக்குமாட்டி? வேர்வையில எம்புட்டுப் போகுது!"

"உப்பே இல்லாமப் போடல மதினி. ஒரு ஸ்பூன் போடுதேன். டாக்டரம்மா அதுதான் கணக்குன்னாவ."

"டாக்டருக்கு என்ன தெரியும்? நான் வளத்த ஒடம்பு இது."

"இன்னைக்குப் பிரஷரு நூத்தி எழுபத்தெட்டு. அத ஒங்ககிட்ட சொன்னாவளா?"

முப்பிடாதி தம்பியைப் பார்த்தாள். அவர் சொல்லியிருக்கவில்லை. வந்ததும் வட்டில்தான் முன்னால் வந்திருந்தது.

"இன்னும் ரெண்டு வாரத்துல கொறையலன்னா வண்டி கெடையாதுன்னுட்டாவ" என்றாள் வேலுத்தாய். "வண்டி போனாப் போகட்டும் மதினி. நான் தீப்பெட்டி ஒட்டியாவது கஞ்சி ஊத்துவேன். ஆளு போயிட்டா நான் எங்க போய்த் தேட? அன்னைக்கு ஒரு நிமிசம் பிந்தியிருந்தா அந்த பஸ்ஸுல இருந்த புள்ளகுட்டிக எல்லாம் என்ன ஆயிருக்கும்?"

"நிறுத்துட்டி!" முப்பிடாதி விசிறியை வீசி எறிந்தாள். "ஆளு போறதப் பத்தி எனக்கு நீ சொல்லாத. உப்பில்லாக் கஞ்சி குடுத்துக் குடுத்துத்தான் எங்கம்மாவ நான் கொன்னேன். இந்தக் கையாலதான் குடுத்தேன்."

பூவனநாதன் நிமிர்ந்தார். "என்னக்கா சொல்லுத? அம்மா வெயில் தாக்கிக் கெடந்துதான செத்தா?"

"ஒனக்கு அப்படித்தாம்ல சொல்லி வச்சோம். அஞ்சு வயசுப் பயகிட்ட வேற என்னத்தச் சொல்ல?"

அவள் குரல் இறங்கியது.

"புதூர்ல பருத்தி எடுத்துக்கிட்டு இருந்தா. அப்படியே சாஞ்சிட்டா. தூக்கிட்டு வந்து போட்டா, ஒரு பக்கம் கையும் வெளங்கல, காலும் வெளங்கல. வாயி கோணிப்போச்சு. வைத்தியரு வந்து பாத்துட்டு, உப்பு ஆகாதுன்னுட்டாரு. மூணு மாசம் உப்பில்லாக் கஞ்சி. பேச்சு வராது அவளுக்கு. வெரல ஒண்ணாச் சேத்து, ஒரு கல்லு போடுட்டின்னு சாடையிலயே கெஞ்சுவா. நான் போடல. வைத்தியரு சொன்னத மீறக்கூடாதுன்னு போடல. ஒரு நா விடியக்காலம் பாத்தா, போயிட்டா. ஒரு கல்லு உப்புக்கு ஏங்கியே போயிட்டாளே... எனக்கு அப்பம் பதினஞ்சு வயசு. என் கையால இனி யாருக்கும் உப்பில்லாச் சோறு இல்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணுனேன்."



சண்டைக்கு என்று வந்திருந்த வேலுத்தாய் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மதினியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிளகாயும் உப்பும் அரித்துத் தோல் உரிந்த கை.

"மதினி, அத்தைய நீங்க கொல்லல. காட்டுல சாஞ்சப்பமே எல்லாம் முடிஞ்சிபோச்சு. விழுறதுக்கு முந்திக் கொறச்சிருக்கணும். அவுகளுக்குப் பிரஷர் இருந்ததே அப்பம் யாருக்குத் தெரியும்? பாக்க ஒரு மெஷின் இருந்துதா, சொல்ல ஒரு டாக்டர் இருந்தாவளா? ஒங்க தம்பிக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சு. அவிய இன்னும் விழல. விழுறதுக்கு முந்திதான் நான் மல்லுக்கட்டுதேன்."

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். சேலை ஒதுங்கியபோது அவள் கால்கள் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தது வேலுத்தாய் கண்ணில் பட்டது.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல. எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும். மூணு மாசமா இப்படித்தான். வயசாகுதுல்லா."

வேலுத்தாய் பையைத் திறந்து மெஷினை எடுத்தாள். "உக்காருங்க. கைய நீட்டுங்க."

"எனக்கெதுக்கு அந்தக் கருமம்?"

"நீட்டுக்கா" என்றார் பூவனநாதன்.

அவர் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்து வந்திருந்தார். அக்காவிடம் அவர் குரலை உயர்த்தி வேலுத்தாய் இதுவரை கேட்டதில்லை. முப்பிடாதியும் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

இருநூற்று இரண்டு. நூற்றுப் பதினாறு.

ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று வேலுத்தாய் சொல்லிவிட்டாள். மறுபடி கட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இதெல்லாம் பொய் சொல்லும்" என்றாள் முப்பிடாதி.

"காலையிலதான் டாக்டரம்மா இத சரி பாத்தாவ." வேலுத்தாய் எழுந்துவிட்டாள். "ஏங்க, ஆட்டோ பிடிங்க."

* * *

ஒரே நாளில் இரண்டாவது தடவையாக வந்து நின்றவர்களை டாக்டரம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். முப்பிடாதியைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். மாத்திரை கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரத்தில் பிரஷர் கொஞ்சம் இறங்கியது.

"இதயத்துல சுமை தெரியுது. திங்கட்கிழமை திருநெல்வேலிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "உப்பையும் குறைக்கணும் பாட்டி."

"என் தொழிலே உப்புதானம்மா. பதம் பாக்க நாளைக்குப் பத்துத் தடவ நாக்குல வைப்பேன்."

"விக்கிறத நான் சொல்லல பாட்டி. திங்கிறத சொல்றேன். நாக்குல வச்சுப் பார்த்துட்டுத் துப்பிருங்க."

அவர்கள் கிளம்பும் நேரத்தில் பூவனநாதன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பஸ்ஸில் ஐம்பது பேர் முன்னால் சத்தமாகப் பேசுகிற மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டரம்மா, காலையில நான் பொய் சொல்லிட்டேன். இருவது நாளா தெனமும் பதினோரு மணிக்கு ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாயின்னு தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். இவ மேல ஒரு குத்தமும் இல்ல."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். பிறகு காலையில் எழுதிய சீட்டை வாங்கி, புதிதாகச் சேர்த்த மாத்திரையை அடித்தார்.

"நல்ல வேளை சொன்னீங்க. இல்லாத காரணத்துக்கு மருந்தைக் கூட்டியிருப்பேன். பழைய மாத்திரையே போதும். இந்த ரெண்டு வாரம் நேர்மையா இருங்க. அப்புறம் பார்ப்போம்."

வெளியே வந்ததும் அவர் வேலுத்தாயிடம், "ஒங்கிட்டயும் பொய் சொன்னேன்லா" என்றார்.

"ஆமா."

"கோவமா?"

"கோவந்தான். இனி வேற யாரு வீட்டுலயாவது தின்னீங்கன்னா இதவிடப் பெருசா வரும். திங்கக்கிழமையிலேருந்து டெப்போவுக்குத் தூக்குவாளியில குடுத்து விடுதேன். பதினோரு மணிக்குப் பசிச்சா மோரக் குடிங்க. உப்புப் போடாத மோரு."

"சரி" என்றார் பூவனநாதன்.

* * *

அன்று சாயங்காலம் முப்பிடாதி தம்பி வீட்டில்தான் இருந்தாள். தனியாக விட முடியாது என்று வேலுத்தாய் சொன்னபோது அவள் எதிர்க்கவில்லை.

அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலுத்தாய் கத்தரிக்காய் வதக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி, எண்ணெயிலயே உப்பப் போடுத? அது காய்க்குள்ள போய் ஒளிஞ்சிக்கிடும். நாக்குக்கு என்ன தெரியும்? நாலு பல்லு பூண்டத் தட்டிப் போடு. மல்லிய வறுத்துப் பொடி. எறக்கி வச்சப்பறம் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கடைசியில அந்த உப்பத் தூவு. கொஞ்சம் போட்டாலும் மேலயே நிக்கும்."

வேலுத்தாய் அப்படியே செய்தாள். நாற்பத்தொரு நாளாக அவள் தனியாகப் போராடிய சமையல்.

பூவனநாதன் ஒரு வாய் எடுத்து வைத்தார். இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"தவிட்டுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

முப்பிடாதி சிரித்துவிட்டாள். அன்று முழுவதும் அவள் சிரித்தது அப்போதுதான். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவர் சந்து முனைக்குக் காற்று வாங்கப் போனார்.

வேலுத்தாய் பாத்திரங்களை ஒதுக்கினாள். முப்பிடாதி கூடவே வந்து நின்றாள்.

"திருநெல்வேலிக்கு அவன் வரவேண்டாம். நீ மட்டும் வா."

"ஏன் மதினி?"

"எங்கம்மா கெடந்த மூணு மாசமும் அவன் வாசப்படியிலேயே நின்னான். என்ன ஏதுன்னு தெரியாது, பாத்துக்கிட்டே நிப்பான். மறுபடியும் அவன் அப்படி நிக்கக்கூடாது. டாக்டரு என்ன சொன்னாலும் நீ கேட்டு எங்கிட்டச் சொல்லு. மறைக்காத."

"மறைக்கமாட்டேன் மதினி. நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் மறைக்கக்கூடாது. அப்பம்தான் வாரேன்."

முப்பிடாதி தலையை ஆட்டினாள். பிறகு தன் இடது கையைப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள்.

"அப்படின்னா ஒண்ணு சொல்லணும். முந்தாநா மாடியில மிளகாய் கெளறிக்கிட்டு இருக்கையில இந்தக் கை ஏங்கூட இல்லாத மாதிரி ஆயிட்டு. வாயத் தொறந்தா பேச்சும் வரல. ஒரு கால் மணி நேரம் இருக்கும். அப்பறம் தானா சரியாப் போச்சு. டாக்டரம்மாகிட்ட நான் சொல்லல."

வேலுத்தாயின் கையில் இருந்த சட்டி அப்படியே தொட்டிக்குள் இறங்கியது. அத்தைக்கும் இப்படித்தான் கையும் பேச்சும் போயின. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பரபரப்பு முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"செருப்பப் போடுங்க மதினி."

"எதுக்குட்டி? திங்கக்கிழமைதான..."

"திங்கக்கிழம வரைக்கும் இருக்கக்கூடாது. இப்பமே போறோம்."

அவள் மதினியின் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சந்து முனையில் நின்ற புருஷனை நோக்கிக் குரல் கொடுத்தாள். அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கிற குரல்.

"ஏங்க! வண்டியக் கூப்பிடுங்க. நீங்களும் ஏறுங்க. இந்த வீட்டுல இனி யாரும் யாருக்கும் தெரியாம நோவ வச்சிக்கிட்டு இருக்கக்கூடாது!"